மலைவீட்டுத் தார்ப்பாதை: மேல்கோட்டு போதுமா, பெயர்த்துப் போட வேண்டுமா?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீடு வாங்கியதும் நாங்கள் செய்த முதல் பெரிய செலவு, கேட்டிலிருந்து வீட்டுக்கு ஏறும் தார்ப்பாதைக்கு மேல்கோட்டு போட்டதுதான். 130 அடி நீளம், 10 அடி அகலம். 2022 பிப்ரவரியில் 78,000 ரூபாய் கொடுத்தோம். கன்னங்கரேலென்று பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த ஐப்பசி மழை முடிவதற்குள் வளைவில் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வந்துவிட்டது. 2024 மார்ச்சில் அடிவரை பெயர்த்தெடுத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. ஒரு கடப்பாரையும் அரை நாளும் முதலிலேயே செலவழித்திருந்தால் அந்த 78,000 ரூபாய் கையில் நின்றிருக்கும். மலையில் புதிதாக வீடு வாங்கியவர்கள் பலர் இதே கேள்வியோடு நிற்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மேல்கோட்டு என்றால் பழைய தாரை அப்படியே வைத்து, குழிகளை அடைத்து, அதன்மேல் 20 மில்லிமீட்டர் பிரீமிக்ஸ் கார்பெட்டோ (சிறு ஜல்லியும் தாரும் கலந்த மெல்லிய விரிப்பு) கொஞ்சம் கூடுதல் கனத்தில் ஹாட் மிக்ஸோ (பிளான்ட்டில் சூடாகக் கலந்து வரும் தார்க்கலவை) போடுவது. பெயர்த்துப் போடுவது என்றால் பழைய தார், அதன் அடியில் இருக்கும் ஜல்லி, தேவைப்பட்டால் மண்ணின் ஒரு பகுதி என எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அடித்தளத்திலிருந்து தொடங்குவது. செலவு ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசப்படும். அதனால்தான் எல்லோருக்கும் மேல்கோட்டின் பக்கம் மனம் சாய்கிறது.

1. மழை விட்டதும் சாக்பீஸோடு நடந்து பாருங்கள்

வெயிலில் பார்த்தால் தார்ப்பாதை எதையும் காட்டிக்கொடுக்காது. நல்ல மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் இறங்கிப் பாருங்கள். தண்ணீர் தேங்கும் இடத்தைச் சுற்றி வட்டம் போடுங்கள். மற்ற இடமெல்லாம் உலர்ந்த பிறகும் ஈரம் கசிந்துகொண்டிருக்கும் விரிசல்களுக்குத் தனியாகக் குறி போடுங்கள். ஈரம் கசிகிறது என்றால் தாருக்கு அடியில் தண்ணீர் நிற்கிறது என்று பொருள்.

பிறகு பாதையைப் பத்தடிக்குப் பத்தடி கட்டங்களாகப் பிரியுங்கள். எங்கள் பாதையில் 13 கட்டங்கள் வந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் என்ன பழுது என்று ஒரு தாளில் எழுதுங்கள். நீளவாக்கில் ஒற்றைக் கோடாக ஓடும் மெல்லிய விரிசல், மேலே ஜல்லி உதிர்ந்து சொரசொரப்பாவது, நிறம் வெளுப்பது ஆகியவை மேல்மட்டக் கோளாறுகள். இவற்றுக்கு மேல்கோட்டு போதும். வறண்ட குளத்துச் சேறு வெடித்ததுபோல வலைப்பின்னலாக விரிசல் விட்டிருந்தாலோ, சக்கரம் போகும் தடம் பள்ளமாகியிருந்தாலோ, கால் வைத்தால் லேசாக அமுங்கினாலோ கோளாறு அடித்தளத்தில் இருக்கிறது. அதன்மேல் எவ்வளவு தார் போட்டாலும் அதே விரிசல் அதே வடிவத்தில் மேலே ஏறி வரும்.

எங்கள் 13 கட்டங்களில் 6 கட்டங்கள் இரண்டாவது வகை. இந்த எண்ணிக்கையை 2022-இல் நான் எடுக்கவே இல்லை.

2. மூன்று இடத்தில் தோண்டுங்கள்

இதை மட்டும் எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். பார்க்க நன்றாக இருக்கும் இடத்தில் ஒன்று, மிக மோசமான இடத்தில் ஒன்று, பாதையின் கீழ் முனையில் ஒன்று என ஒரு அடிக்கு ஒரு அடி அளவில் மூன்று குழிகள். ஒரு ஆளும் கடப்பாரையும் இருந்தால் காலையிலேயே முடிந்துவிடும். அரை நாள் கூலியைத் தவிர வேறு செலவில்லை. ‘தோண்டினால் ரோடு கெட்டுவிடும்’ என்று ஒப்பந்ததாரர் தடுத்தால் அவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

2024-இல் வளைவில் தோண்டியபோது, கடப்பாரையை இரண்டு முறை நெம்பியதுமே தார் ஒரு பெரிய அப்பளம்போல முழுதாகத் தூக்கிக்கொண்டு வந்தது. கனம் ஒரு அங்குலம்கூட இல்லை. அந்த ஒரு அங்குலத்தில் பாதி, நாங்கள் 2022-இல் போட்ட மேல்கோட்டு. அதற்கு அடியில் ஜல்லி இருக்க வேண்டிய இடத்தில் குழைந்த செம்மண். மண்ணுக்குள் மண்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தார்ப்பாதையின் அடியில் மண்புழு வாழ்கிறது என்றால் அங்கே ஆண்டு முழுவதும் ஈரம் இருக்கிறது. அதற்குமேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

குழியில் நீங்கள் பார்க்க வேண்டியவை: தாரின் கனம் எவ்வளவு, அதற்குக் கீழே இறுகிய ஜல்லி அடுக்கு எத்தனை அங்குலம், ஜல்லிக்கு இடையில் சேறு ஏறியிருக்கிறதா, அதற்கும் கீழே மண் கையில் பிடித்தால் உருண்டையாகிறதா உதிர்கிறதா. ஜல்லி அடுக்கு ஆறு அங்குலம் இருந்து, கடப்பாரை ‘டங்’கென்று எகிறினால் அடித்தளம் நன்றாக இருக்கிறது. அங்கே மேல்கோட்டு தாராளமாகப் போடலாம். கடப்பாரை சொத்தென்று இறங்கினால் பெயர்த்துத்தான் ஆக வேண்டும். மூன்று குழிகளையும் அளவுநாடா வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலை பேசும்போது இந்தப் படங்கள் மிகவும் உதவும்.

3. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள்

பக்கத்து ஹட்டியிலிருந்து (படகர் ஊர்) வரும் பெரியவர் ஒருவர் எங்கள் குழிகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, மேலே இருக்கிற தேயிலைத் தோட்டத்துத் தண்ணீர் முழுக்க உங்கள் பாதைக்கு அடியில்தான் இறங்குகிறது. அதைத் திருப்பிவிடாமல் நீங்கள் எதைப் போட்டாலும் நிற்காது.” அவர் சொன்னது அப்படியே உண்மை.

சமவெளியில் தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்துதான் விழும். மலையில் பக்கவாட்டிலிருந்து மண்ணுக்குள்ளேயே ஊறி வரும். எனவே மேட்டுப்பக்கத்து ஓரமாக ஒரு வடிகால் இருக்கிறதா, அது பாதையின் ஜல்லி அடுக்கைவிட ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்புச்சுவர் இருந்தால் அதிலுள்ள கசிவுத் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்று ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். எங்கள் சுவரில் ஒன்பது துளைகள். ஏழு மண்ணால் அடைத்துக் கிடந்தன. அவற்றைக் குத்தித் திறந்த அன்று மாலை வரை பழுப்புத் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது.

பாதை நெடுக ஒரு பக்கம் சாய்வு இருக்க வேண்டும். நூறு அங்குலத்துக்கு இரண்டு, இரண்டரை அங்குலம் சரியாக இருக்கும். பத்தடி அகலத்துக்கு ஏறக்குறைய மூன்று அங்குலம். நீளமான ஏற்றத்தில் இது மட்டும் போதாது. இடையில் ஓர் இடத்திலாவது குறுக்கே காங்கிரீட் வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புக் கிராதி போட்டுத் தண்ணீரைப் பிரித்துவிடுங்கள். மேல்கோட்டு, பெயர்ப்பு இரண்டில் எதைத் தேர்ந்தாலும் வடிகால் வேலைதான் முதலில். தார் போட்ட பிறகு வடிகால் வெட்டினால் புதுத் தாரின் ஓரம் உடையும்.

4. உயரத்தை அளந்துகொள்ளுங்கள்

மேல்கோட்டு போட்டால் பாதை உயரும். கேட் கதவு உரசுமா, வீட்டு வாசற்படிக்கு அது எவ்வளவு நெருங்கும், கார் நிறுத்துமிடத்துக்குள் தண்ணீர் திரும்புமா என்று பாருங்கள். ஏற்கெனவே இரண்டு மூன்று கோட்டுகள் ஏறியிருந்தால் இன்னொன்று போடாதீர்கள். தமிழக அரசே 2021-இல், சாலைகளில் பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று அறிவுறுத்தியிருக்கிறது. வீடுகள் பள்ளத்தில் போய்விடுகின்றன என்பதுதான் காரணம். உங்கள் வளாகத்துக்கும் அதே நியாயம்தான்.

5. இப்போது முடிவெடுங்கள்

நான் கடைப்பிடிக்கும் அளவு இது. மோசமான கட்டங்கள் மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக இருந்து, குழியில் ஜல்லி அடுக்கு நன்றாகவும் இருந்தால், அந்தக் கட்டங்களை மட்டும் அடிவரை வெட்டி ஜல்லி போட்டு இறுக்கிவிட்டு, முழுப் பாதைக்கும் மேல்கோட்டு போடுங்கள். மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பெயர்த்துப் போடுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் குழிகள் சொல்வதைக் கேளுங்கள். ஒட்டு வேலைகள் எண்ணிக்கையில் கூடக்கூட, ஒட்டின் ஓரங்கள் வழியாகவே தண்ணீர் இறங்கும்.

மிகச் செங்குத்தான ஏற்றமாக இருந்தால், அதாவது ஆறடி நீளத்துக்கு ஓரடிக்கு மேல் ஏறினால், அந்தப் பகுதிக்குத் தாரே வேண்டாம் என்பது என் கருத்து. ரோலர் சரியாக ஏறாது. பிரேக் பிடிக்கும் இடத்தில் தார் சுருண்டுகொள்ளும். அங்கே குறுக்குக் கோடுகள் கீறிய காங்கிரீட் போடுங்கள். மற்ற இடத்தில் தார் போடலாம்.

6. ஆவணங்களும் அனுமதிகளும்

நான் அதிகம் அலைந்தது இதில்தான்.

முதலில் பட்டா, புலப்பட வரைபடம், கிரயப் பத்திரம் மூன்றையும் எடுத்து வைத்து, பாதை முழுவதும் உங்கள் பெயரில்தானா என்று பாருங்கள். மலையில் பல வீடுகளின் பாதை அண்டை நிலத்தின் வழியாக வரும். பத்திரத்தில் ‘பாதை உரிமை’ மட்டும் இருக்கும். அப்படியானால் நிலத்துக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பி ஜல்லி இறக்காதீர்கள்.

பொக்லைன் விஷயத்தில் கவனமாக இருங்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியில்லாமல் மண் அள்ளும் இயந்திரங்களைப் பயன்படுத்தக் கூடாது. ‘ஞாயிற்றுக்கிழமை யாரும் வர மாட்டார்கள்’ என்று சொல்பவர்கள் உண்டு. பிடிபட்டால் வண்டி பறிமுதலாகும், நில உரிமையாளர் மீதும் வழக்கு வரும். எங்கள் அளவுள்ள பாதைக்குப் பொக்லைன் தேவையே இல்லை. நான்கு பேர் கையால் உடைக்கும் இயந்திரத்தோடும் கடப்பாரையோடும் ஐந்து நாளில் பெயர்த்துவிட்டார்கள். பாதையை அகலப்படுத்தச் சரிவை வெட்டுவதும், குறுக்கே நிற்கும் மரத்தை வெட்டுவதும் வேறு வேறு அனுமதிகள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. முடிந்தவரை பழைய அகலத்துக்குள்ளேயே வேலையை முடியுங்கள்.

உங்கள் பாதை பொதுச் சாலையைத் தொடும் இடம் உங்களுடையதல்ல. அது நெடுஞ்சாலைத் துறையின் சாலையா, உள்ளாட்சியின் சாலையா என்று விசாரித்து, அந்த அலுவலகத்தில் மனு கொடுங்கள். மனுவோடு பட்டா நகல், ஒரு கைவரைபடம், அந்த இடத்தின் புகைப்படம் வைத்தால் போதும் என்றார்கள். சாலையோர வடிகாலை மண் போட்டு மூடிவிட்டு அதன்மேல் தார் போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. குழாய் பதித்துத்தான் கடக்க வேண்டும். மனு கொடுத்து எனக்குப் பதில் வர ஐந்து வாரம் ஆனது. எனவே டிசம்பரிலேயே கொடுத்துவிடுங்கள்.

ஜல்லி பெரும்பாலும் மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து மலையேறி வருகிறது. லாரிக்காரரிடம் நடைச்சீட்டு (ஜல்லி ஏற்றிச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு) இருக்கிறதா என்று பார்த்து, அதன் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் வர இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. வருகிற வண்டிக்கு அது தேவையா, எடுத்தாகிவிட்டதா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

பெயர்த்த பழைய தாரைப் பள்ளத்திலோ ஓடையிலோ தள்ளிவிடாதீர்கள், தள்ளவும் விடாதீர்கள். நன்றாக உடைத்தால் அதையே கார் நிறுத்துமிடத்தின் அடியில் நிரப்பலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

7. விலைப்புள்ளியை இப்படிப் படியுங்கள்

‘சதுர அடிக்கு இவ்வளவு’ என்று ஒற்றை வரியில் வரும் விலைப்புள்ளியை ஏற்காதீர்கள். எங்களுக்கு மேல்கோட்டு சதுர அடிக்கு 60 ரூபாய் ஆனது. பெயர்த்துப் போட்டது 170 ரூபாய். 1,300 சதுர அடிக்கு 2,21,000 ரூபாய். வடிகாலும் கிராதியும் தனியாக 46,000. ஜி.எஸ்.டி. 18 விழுக்காடு இதில் சேர்ந்ததா இல்லையா என்று முதலிலேயே கேளுங்கள். தொகையைவிட அளவுகளை ஒப்பிடுவதுதான் முக்கியம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 20 மில்லிமீட்டர் பிரீமிக்ஸ் கார்பெட்டுக்கு இந்தியச் சாலைத் தர அளவுகளின்படி 10 சதுர மீட்டருக்கு 0.27 கன மீட்டர் சிறு ஜல்லியும் 14.6 கிலோ தாரும் வேண்டும். அதன்மேல் மணலும் தாரும் கலந்து போடும் சீல் கோட்டுக்கு இன்னும் 6.8 கிலோ. எங்கள் பாதை 120 சதுர மீட்டர். ஆக, கார்பெட்டுக்கு 175 கிலோ, சீல் கோட்டுக்கு 82 கிலோ, மொத்தம் 257 கிலோ தார். ஒரு டிரம்மில் சுமார் 150 கிலோ இருக்கும். அதாவது இரண்டு டிரம் வர வேண்டும். 2022-இல் எங்கள் வாசலில் இறங்கியது ஒரு டிரம். அன்று இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. உங்கள் பாதையின் பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, இதே பெருக்கலைப் போட்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு டிரம்களை எண்ணுங்கள்.

பெயர்த்துப் போடும்போது, உருட்டிய பிறகு 75 மில்லிமீட்டர் வரும் ஜல்லி அடுக்குக்கு 10 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கன மீட்டர் ஜல்லி பிடிக்கும். இரண்டு அடுக்கு என்றால் எங்களுக்கு 24 கன மீட்டர், அதாவது எட்டரை யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இதிலும் குறைத்துவிட்டு, மிச்சத்தை மண்ணால் நிரப்புவார்கள்.

‘உருட்டிய பிறகு’ என்ற சொல் விலைப்புள்ளியில் ஒவ்வொரு கனத்துக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். பரப்பும்போது ஒரு அங்குலம் தெரிவது, உருட்டினால் முக்கால் அங்குலமாகிவிடும். தாரின் தரமும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கலவை எங்கே தயாராகிறது என்றும் கேளுங்கள். கீழே பிளான்ட்டிலிருந்து ஹாட் மிக்ஸ் வந்தால் கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை; தார்ப்பாய் இறுக்கி மூடாத டிப்பரில் கலவை ஆறிப்போகும். வீட்டு வாசலிலேயே காய்ச்சிக் கலப்பதாக இருந்தால் அதில் வேறு ஆபத்து: அவசரத்தில் தாரைக் கருக்கிவிடுவார்கள். கருகிய தார் முதல் பனிக்காலத்திலேயே நொறுங்கும்.

8. மாதம், நாள், நேரம்

பிப்ரவரியும் மார்ச்சும் நல்ல மாதங்கள். ஏப்ரலில் கோடை மழை குறுக்கிடும். மே மாதம் சீசன், மலைப்பாதையில் லாரி நகராது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை அதைவிடப் பெரிது. ஜனவரியில் மழை இல்லாவிட்டாலும் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும்.

மழை, பனிமூட்டம், தேங்கிய ஈரம், 10 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த குளிர் ஆகியவற்றில் சூடான தார்க்கலவை போடக் கூடாது என்பது மத்திய அரசின் சாலை விவரக்குறிப்பிலேயே இருக்கும் விதி. மலையில் காலை ஏழு மணிக்குத் தொடங்குவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்து மணிக்கு மேல், பனி உலர்ந்த பிறகு தொடங்கி, இரண்டு மணிக்குள் முடியுங்கள். எங்கள் பக்கம் இரவில் காட்டெருமைகள் இறங்கும். இருட்டுவதற்குள் தார் இறுகாவிட்டால் குளம்பு பதிந்துவிடும்.

மொத்தக் காலம்: மேல்கோட்டுக்கு ஒட்டு வேலையோடு நான்கு நாள். பெயர்ப்புக்கு எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. அதில் ஒரு வாரம் வடிகால் காங்கிரீட்டுக்கு நீர் ஊற்றிக் காத்திருந்தது. இந்த நாட்களில் சிலிண்டர் எப்படி வரும், வீட்டில் முதியவர்கள் இருந்தால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கும் என்று முன்பே ஏற்பாடு செய்யுங்கள்.

9. வேலை நடக்கும் நாளில் அங்கேயே இருங்கள்

பழைய பரப்பைத் துடைப்பத்தால் கூட்டினால் மட்டும் போதாது. பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுக்க வேண்டும். நீலகிரியில் பாசி இல்லாத தார்ப்பாதை அரிது, பாசியின்மேல் தார் ஒட்டாது. பிறகு ஒட்டுத் தார் தெளிப்பார்கள். தெளித்தவுடன் அது காபிப்பொடி நிறத்தில் இருக்கும். முழுவதும் கறுப்பாக மாறும்வரை கலவையைக் கொட்ட விடாதீர்கள். எங்கள் முதல் வேலையில் பழுப்பு மாறுவதற்குள் கொட்டினார்கள். தட்டுத் தட்டாகப் பெயர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று பின்னால் வந்த மேஸ்திரி சொன்னார்.

கலவையிலிருந்து மஞ்சளோ நீலமோ கலந்த புகை எழுந்தால் தார் கருகியிருக்கிறது. ஆவியே இல்லாமல் கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது. இரண்டையும் திருப்பி அனுப்புங்கள். ரோலர் தாழ்ந்த ஓரத்திலிருந்து மேட்டு ஓரத்தை நோக்கி நகர்ந்து வர வேண்டும். ஓரங்களில் ரோலர் எட்டாத இடத்தைக் கையால் இடித்து இறுக்கச் சொல்லுங்கள். நம் பாதைகள் முதலில் உடைவது ஓரத்தில்தான். அங்கே மண்ணணை, அதாவது ஓரத்தைத் தாங்கும்படி இறுக்கிய மண், கட்டாயம் வேண்டும்.

மறுநாள் வரை வண்டி ஏற்றாதீர்கள். முதல் இரண்டு வாரம் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பாதீர்கள்.

10. பணத்தை நான்காகப் பிரியுங்கள்

முன்பணம் 30 விழுக்காடு. அடித்தளம் முடிந்து, நீங்கள் கனத்தை அளந்த பிறகு 40. தார் முடிந்ததும் 20. கடைசி 10 விழுக்காட்டை வடகிழக்கு மழை முடிந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இதற்கு ஒப்புக்கொள்பவர் கிடைக்க நான் நான்கு பேரிடம் பேச வேண்டியிருந்தது.

மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை கிராதியைத் தூக்கி, அடியில் சேரும் சில்வர் ஓக் இலைகளை அள்ளுவேன். 2024 டிசம்பரில் மேஸ்திரியை வரச் சொல்லி, பாதையின் மேல் முனையில் ஹோஸைத் திறந்துவிட்டு இருவரும் கூடவே நடந்து இறங்கினோம். தண்ணீர் ஓரமாகவே ஓடிக் கிராதிக்குள் இறங்கியது. வளைவில் ஓர் இடத்திலும் தேங்கவில்லை. அவர் குனிந்து ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தார். பாக்கியிருந்த 22,100 ரூபாயை அங்கேயே கொடுத்தேன்.